தோள் அளவு

பெட்டியைத் திறந்ததும் ஹெஸ்டர் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கக் கேட்கவில்லை. "மூக்குக்கிட்ட கொண்டா," என்றாள். அவள் கணவன் ஃபானஸ் அதை இரண்டு கைகளாலும் தூக்கி, சமையலறை மேசையைச் சுற்றிவந்து அவள் நாற்காலிக்கு முன்னால் குனிந்து நீட்டினான். புது வால்நட் மரக் கட்டையின் வாசம், எண்ணெய், இன்னும் யாரும் சுடாத இரும்பின் குளிர்ந்த வாடை. அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். மூச்சு முன்போல ஆழமாகப் போகவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

"வெஸ்ஸல் பய எண்ணெய அள்ளி ஊத்தியிருக்கான். சாலட் பண்றதா நெனச்சிட்டானோ என்னமோ."

அடுப்பருகே சோளக்கூழைக் கிளறிக்கொண்டிருந்த மாபுலே சிரித்தாள். ஹெஸ்டரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுவதற்காகப் போன குளிர்காலம் முதல் வந்துகொண்டிருப்பவள் அவள். அதற்கு முன் பண்ணையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழிகளைவிட அம்மா அதிகம் கொத்துகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

துப்பாக்கிக்குச் சொல்லிவைத்தபோது நோயென்று எதுவும் இல்லை. பக்கத்து நகரமான பெத்லஹேமில், துப்பாக்கி செய்யும் வெஸ்ஸலின் பட்டறைக்குப் போயிருந்தார்கள். அவன் அவளைத் தரைவிரிப்பில் குப்புறப் படுக்கவைத்து, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, கன்ன எலும்பிலிருந்து தோள் வரை, கழுத்தின் நீளம், தலை சாயும் கோணம் என்று ஒன்று விடாமல் அளந்தான். "கல்யாண கவுனுக்குக்கூட என்னை எவனும் இப்படி அளக்கலடா," என்று தரையிலிருந்தபடியே சொன்னாள். மாகாண அணிக்காக எத்தனையோ வருடங்கள் சுட்டவள். எல்லாம் மற்றவர்களின் தோளுக்குச் செய்த துப்பாக்கிகள், அல்லது கடையில் வாங்கி அட்டை ஒட்டிச் சரிக்கட்டியவை. அவளுக்கென்றே செய்த ஒன்று அதுவரை இருந்ததில்லை. ஃபானஸுக்கு இந்தப் பைத்தியம் கிடையாது. அவன் கொட்டகையில் அவளுக்குத் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிறுத்துப் போடுவான். போட்டி நாட்களில் வண்டியோட்டிப் போய், வேலிக்கு வெளியே இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பான்.

பிறகு ஒருநாள் காபிக் கோப்பை அவள் வலது கையிலிருந்து நழுவியது. யாருக்கும் நழுவும். அப்புறம் சட்டைப் பொத்தான்கள். ப்ளூம்ஃபொண்டெய்ன் மருத்துவர் மேசைமேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, நரம்புகள் ஒவ்வொன்றாக விடைபெறும், முதலில் கைகள், பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு என்று நிதானமாகச் சொன்னார். மருந்து? இல்லை. ஹெஸ்டர் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டு, "மூளை?" என்று கேட்டாள். அது கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார். "அப்ப அதுதான் கெட்ட சேதி," என்றாள்.

துப்பாக்கி தயார் என்று வெஸ்ஸல் தொலைபேசியில் கூப்பிட்டபோது, ஃபானஸ் முற்றத்துக்குப் போய் மெதுவான குரலில், வரிசையில் அடுத்து இருக்கிறவருக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டான். ஜன்னல் திறந்திருந்தது. அவன் உள்ளே வந்ததும் ஹெஸ்டர், "அது என் அளவுல செஞ்சது. வேற எவளுக்குப் பொருந்தும்? போய் எடுத்துட்டு வா, கிழவா," என்றாள். அப்போதே சொற்களின் ஓரம் லேசாகத் தேயத் தொடங்கியிருந்தது.

குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பொருத்தியது அந்த வாரத்தின் நல்ல நாள். கொட்டகையின் கதவை அகலத் திறந்து, துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, மேலே ரசமட்டத்தை வைத்தான். எதிர்ச்சுவரின் உத்தரத்திலிருந்து வெள்ளை நூலில் ஈயக்குண்டு கட்டித் தொங்கவிட்டான். ஸ்கோப்பின் உள்ளே தெரியும் செங்குத்துக் கோடு அந்த நூலோடு மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். கிட்டே இருப்பதில் பிசகு தெரியாது. தூரம் போகப் போக அந்தச் சின்னக் கோணல் குண்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மாபுலே நாற்காலியைத் தள்ளிவர, ஹெஸ்டர் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"இடப்பக்கம் ஒரு முடி அளவு. ஐயோ, அது உன் தடிமுடி அளவு. நான் சொன்னது என் முடி அளவு."

அவன் திருப்பினான். சேர்ந்தது. திருகை முறுக்கினான். முறுக்கும்போது ஸ்கோப்பும் கூடவே திரும்பிவிட்டது.

"முப்பது வருஷமா டிராக்டர் ரிப்பேர் பண்றவன் கைல கொடுத்தா இப்படித்தான். நாலு திருகையும் மாத்தி மாத்தி, கொஞ்சங்கொஞ்சமா. ஆட்டுக்குப் பால் கறக்குற மாதிரி இல்ல."

"ஆட்டுக்குப் பால் கறக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதனாலதான் நான் கறக்கறதில்ல."

மூன்றாம் முறை நின்றது. நூலும் கோடும் ஒன்றாகிப் பின்னாலிருந்த நூலே காணாமல் போனது என்றாள். அவன் கதவோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெளியே தீத்தடுப்புக்காக எரித்த புல்வெளி கறுப்பாக வேலிவரை கிடந்தது. அதன்மேல் கினிக்கோழிகள் எதையோ பொறுக்கிக்கொண்டு போயின.

தோளுக்குப் பொருத்த உட்காரவைத்தபோதுதான் தெரிந்தது. வெஸ்ஸல் அளந்த ஹெஸ்டர் அங்கே இல்லை. தோளின் சதை வற்றி எலும்பு முன்னால் வந்திருந்தது. கழுத்து தலையைத் தாங்க மறுத்ததால் கன்னம் கட்டையின்மேல் படியாமல், விழுந்து கிடந்தது. குப்புறப் படுத்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் பழைய கதவொன்றை அறுத்து, நாற்காலி நுழையும்படி வளைவு வெட்டி, மேசை செய்தான். கட்டையின் பின்முனையில், ரப்பருக்கு முன்னால் நீளத்துக்காக வைத்திருந்த மெல்லிய தகடுகளில் ஒன்றைக் கழற்றினான். கன்னப்பலகையை இறக்கினான். பொருந்தியது. அடுத்த வாரம் பொருந்தவில்லை. இன்னொரு தகடு. கழற்றியவற்றைப் புகையிலை டப்பாவில் போட்டுவைத்தான்.

இருந்தாலும் நூறு மீட்டரில் முதல்முறை சுட்ட நாள் இருந்தது. துப்பாக்கியின் முன்பக்கத்தை மணல்மூட்டை தாங்கியது, பின்னால் கட்டையை ஃபானஸ் தன் முஷ்டியால் தாங்கினான், விசையை அவளே இழுத்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு குழலைத் துடைக்கச் சொன்னாள். புதுக் குழலை அவசரப்படுத்தக்கூடாது, அது முதலில் தன்னையே தெரிந்துகொள்ளட்டும் என்றாள். அவன் நடந்துபோய் காகிதத்தை எடுத்தபோது மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. திரும்பி ஓடிவந்தான். அறுபது வயதில், சேற்றுப் பூட்ஸோடு, உழுத நிலத்தின் குறுக்கே.

அன்று சாயங்காலம் பெர்த்தில் இருக்கும் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மருத்துவர்கள் சொல்வது எப்போதும் சரியாக இருப்பதில்லை, உன் அம்மா இன்று சுட்டதைப் பார்த்திருக்க வேண்டும் என்றான். மறுமுனையில் மகள், "அப்பா, அம்மா சாப்பிடறப்ப இப்பவும் புரையேறுதா?" என்று மட்டும் கேட்டாள். அவன் பேச்சை ஆடுகளின் பக்கம் திருப்பினான்.

விரல் தளர்ந்தது. அவன் விசையின் இறுக்கத்தைக் குறைத்தான். சில நாள் சரியாயிருந்தது. மறுபடி குறைத்தான். முன்பு ஆப்பிளைக் கிள்ளுகிற அளவு வேண்டியிருந்த விசைக்கு இப்போது ஈ உட்கார்ந்தால் போதும் என்ற நிலை. ஒரு காலை, காலியாக இருந்த துப்பாக்கியின் போல்ட்டை அவன் மூடியதும், யாரும் தொடாமலே உள்ளே விசை 'டிக்' என்று விழுந்தது. தோட்டா இருந்திருந்தால் சுட்டிருக்கும். இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். மாபுலே நாற்காலியின் பிடியை விடாமல் அப்படியே நின்றாள்.

"இதுக்குக் கீழ வேணாம்," என்றாள் ஹெஸ்டர். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"உள்ள இருக்கற ஸ்பிரிங்க மாத்தலாம். வெஸ்ஸல்கிட்ட வேற இருக்கும்."

"யோவ், ஸ்பிரிங் கெட்டுப்போகல. விரல்தான்."

அவன் விட்டுக்கொடுக்கவில்லை. விசையை மறுபடி பத்திரமான அளவுக்கு இறுக்கினான். ஆறுநூறு மீட்டரில் புதுக் காகிதம் நட்டான். அவள் குறி பார்த்தாள். தலையை மாபுலே இரு பக்கமும் பிடித்துக்கொண்டாள். ஹெஸ்டரின் விரலின்மேல் ஃபானஸ் தன் விரலை வைத்தான். சுட்டது. தொலைநோக்கியில் பார்த்தபோது கறுப்பு வட்டத்தின் நடுவில் சின்ன வெள்ளைப் புள்ளி. "நடுவுல! நட்ட நடுவுல, ஹெஸ்டர்!" என்று கத்தினான்.

அவள் கண்கள் விசைமேல் கிடந்த தன் விரலுக்கு இறங்கின.

"பாத்தியா நீ?"

"யார் சுட்டது?" என்றாள்.

"நீதான். வேற யாரு?"

"பொய் சொல்லாத." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். "நான் நினைக்கறதுக்கு முன்னாடி நீ இழுத்துட்ட. அது உன் குண்டு." பிறகு மாபுலேயைப் பார்த்தாள். மாபுலே நாற்காலியைத் திருப்பினாள். சோளத்தாள்கள் சக்கரத்தில் நொறுங்க வீட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள். ஃபானஸ் அந்தக் காகிதத்தை எடுத்துவரப் போகவேயில்லை. இரண்டு நாள் காற்றில் அடித்துக்கொண்டிருந்து பிறகு கிழிந்து போயிற்று.

ஆகஸ்ட் முடிவில், குளிர்காலம் போனதும், காற்றுக்காலம் வந்தது. வில்லோ மரங்கள் துளிர்த்தன. உழுத வயல்களிலிருந்து சிவப்புப் புழுதி எழுந்து நாள் முழுவதும் அலைந்தது. ஹெஸ்டரின் பேச்சு இப்போது மாபுலேக்குத்தான் புரிந்தது. ஃபானஸ் பாதி சொல்லைப் பிடித்து மீதியை ஊகித்தான். பெரும்பாலும் தப்பாக. தண்ணீர் கேட்டால் போர்வை எடுத்துவருவான். முப்பத்தைந்து வருடம் தன்னோடு படுத்தவளின் வாயிலிருந்து வருவதை, கோழி பார்த்துக்கொண்டிருந்தவள் தனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது அவனைக் குடைந்தது. அதற்காக மாபுலேமேல் கோபப்படவும் முடியவில்லை. அவள் கேட்கிற பொறுமையோடு கேட்டால் தனக்கும் புரியுமோ என்று தோன்றும். முயன்று பார்ப்பான். ஆனால் அந்த நாக்கு படும் பாட்டை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

ஒரு பிற்பகல் அவள் ஏதோ சொன்னாள். அவன் மாபுலேயைப் பார்த்தான்.

"தொள்ளாயிரம் மீட்டர்ல இரும்புத் தட்ட வைக்கச் சொல்றாங்கய்யா. நீங்க படுத்து சுடணுமாம். அவங்க காத்தப் பாத்து சொல்வாங்களாம்."

"நானா? கொட்டகையக்கூட என்னால சுட முடியாது."

ஹெஸ்டர் மீண்டும் சொன்னாள். மாபுலே தயங்கினாள். "கொட்டகையத் தட்டுக்குப் பின்னாடி வச்சா ரெண்டுல ஒன்னு படும்ங்கறாங்க."

கணவனும் மனைவியும் சிரித்தார்கள். ஹெஸ்டரின் சிரிப்பு இருமலாகி, மாபுலே அவளை முன்னால் சாய்த்து முதுகைத் தட்டும்வரை நிற்கவில்லை.

அவன் தட்டுக்கு வெள்ளையடித்து நட்டுவிட்டு வந்தான். கித்தானை விரித்துத் துப்பாக்கியின் பின்னால் படுத்தான். கட்டை அவன் நீளக் கைகளுக்குக் குட்டையாக இருந்தது. கன்னத்துக்கு எட்டவில்லை. கழுத்தை முறுக்கிக்கொண்டு ஸ்கோப்பில் பார்த்தால் கறுப்பு வளையந்தான் தெரிந்தது. "பரவால்ல, இப்படியே சுடறேன்," என்றான்.

ஹெஸ்டர் ஒரே சொல்லைச் சொன்னாள். அது அவனுக்கும் புரிந்தது. "மாத்து."

புகையிலை டப்பாவைத் திறந்தான். கொட்டகையில் எளிதாகக் கழன்ற திருகுகள் இப்போது அவன் கையில் வழுக்கின. ஒரு தகட்டை வைத்தான். அது போன மாதத்து ஹெஸ்டர். இன்னொன்று. எல்லாத் தகடுகளையும் வைத்த பிறகு, வெஸ்ஸலின் தரைவிரிப்பில் குப்புறப் படுத்துச் சிரித்தவளின் அளவில் துப்பாக்கி வந்து நின்றது. அங்கேயே கை நின்றுவிட்டது. பெட்டியோடு வந்த உபரித் தகடுகள் இன்னும் இருந்தன.

"அப்புறம் உனக்குத் திருப்பி மாத்த ரொம்ப நேரமாகும்," என்றான், தலை நிமிராமல்.

அவள் ஏதோ சொன்னாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எதுக்குத் திருப்பி மாத்தணும்னு கேக்கறாங்கய்யா."

அவன் உபரித் தகடுகளையும் வைத்து இறுக்கினான். கன்னப்பலகையைத் தூக்கினான். படுத்தபோது கட்டை தோளில் சுகமாக உட்கார்ந்தது. அந்தச் சுகம் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. முதல் குண்டு தட்டுக்கு வெகுதூரம் தள்ளி வயலில் புழுதி கிளப்பியது. ஹெஸ்டர் நாற்காலியில் அவன் தலைமாட்டில் இருந்தாள். தாங்கியில் நிறுத்திய தொலைநோக்கியில் ஒரு கண்ணைப் பதித்திருந்தாள். காற்றை அறிய, கானலின் ஓட்டத்தை அதில் பார்ப்பாள். மாபுலே அவள் வாயருகே காதை வைத்து அவனுக்குச் சொன்னாள். இரண்டாவது குண்டு தட்டின் விளிம்பை உரசிக்கொண்டு போனது. இரும்பின் சத்தம் மெல்ல, தாமதமாக வந்து சேர்ந்தது. ஹெஸ்டரின் தொண்டையிலிருந்து ஒரு ஒலி எழுந்தது. சந்தோஷமா, எரிச்சலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

காற்று குளிர்ந்து பலமானது. அவள் விரல்நுனிகள் நீலம் பாரிப்பதைப் பார்த்து மாபுலே, "கம்பளி எடுத்துட்டு வந்துடறேன்," என்று வீட்டுப் பக்கம் ஓடினாள்.

அவன் மூன்றாவது தோட்டாவை உள்ளே தள்ளி போல்ட்டை மூடினான். கோட்டைத் தட்டின்மேல் வைத்தான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினான்.

"இ..." என்றாள் ஹெஸ்டர்.

இடதா? இரு என்றாளா?

"என்னது?"

"இ..." இம்முறை இன்னும் அழுத்தி. எச்சில் அவள் வாயில் கொழகொழப்பது அவனுக்குக் கேட்டது.

"இடப்பக்கமா? இல்ல, இருன்னியா? ஹெஸ்டர், இன்னொரு தடவ சொல்லு."

அவள் மறுபடி சொல்லவில்லை. மூச்சு மட்டும் வந்துபோனது. அவன் திரும்பிப் பார்க்கப் பயந்தான். ஸ்கோப்பின் வட்டத்துக்குள் அங்கங்கே எரியாமல் விட்ட புல்திட்டுகள். கிட்டே இருந்தது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நடுவில் இருந்தது அசையாமல் நின்றது. தூரத்தில், வெள்ளைத் தட்டின் காலடியில், புல் எதிர்ப்பக்கமாகப் படுத்து எழுந்தது, மறுபடி படுத்தது. எந்தக் காற்றைக் கணக்கில் கொள்வது என்று இனி அவனே முடிவு செய்ய வேண்டும். அவற்றின் குறுக்கே சிவப்புப் புழுதி மெதுவாக வந்து தட்டை மறைத்துக்கொண்டிருந்தது. அவன் விரல் விசையின்மேல் இருந்தது.