பூம்பாறைச் சாலையில் இத்தாலியக் கார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வத்தலக்குண்டில் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பேச்சுக்கு என்ன வேலை என்று கேட்டேன். கோயம்புத்தூரில் லாரிகளுக்கு டர்போ செய்யும் கம்பெனியில் இன்ஜினியர் என்றாள். பெயர் கண்மணி, ஊர் பூம்பாறை. வேகமான வண்டியெல்லாம் பார்த்திருப்பீர்களே என்று சிரித்தபடி கேட்டேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. ரசம் வந்தது, மோர் வந்தது. அந்தக் கை அப்படியே இருந்தது.

பிறகு அவளைத் தேடிப்போய்க் கேட்டுக் கேட்டு வாங்கியதுதான் மற்றதெல்லாம். இப்படித் தொடங்கினேன்:

[சிவப்புக் கார் ஒரு சிறுத்தையைப் போல மலைச்சாலையில்]

நிறுத்திவிட்டேன். கண்மணி எங்கள் இருவரில் சிறுத்தையை நேரில் பார்த்தவள். “அது வர்றதே தெரியாதுங்க. இது அப்படியா?” என்றாள்.

2

சிறுத்தையை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

2007 பிப்ரவரி. பூம்பாறையில் பூண்டு எடுக்கிற சமயம். அம்மா சோலையம்மாளுக்கு ஒத்தாசையாக இருக்கக் கண்மணி லீவு போட்டு வந்திருந்தாள். வரும் வழியில் கொடைக்கானலில் பஸ் மாறும்போது, ஏரிக்கரையில் கூட்டம். எட்டிப்பார்த்தாள். நடுவில் அந்தச் சிவப்புக் கார்.

கல்லூரி விடுதியில் அவள் கட்டிலுக்கு மேலே நாலு வருஷம் ஒட்டியிருந்த படம் அது. இருபது வயதான இத்தாலியக் கார். (கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. பாவம், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.) மற்ற பெண்கள் நடிகர் படம் ஒட்டினார்கள். இவள் ஒட்டியதோ காரின் படம்கூட இல்லை, அதை நடுவில் வெட்டிக் காட்டிய வரைபடம். இருக்கை இரண்டுதான். இன்ஜின் முன்னால் இல்லை, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். அதன் இருபுறமும் இரண்டு டர்போ.*

காருக்குச் சொந்தக்காரர் ஞானவேல், கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில் வைத்திருப்பவர். கூட்டம் கேட்டதெல்லாம் என்ன விலை, எவ்வளவு மைலேஜ். இவள் கேட்டாள்: “சார், இந்த உயரத்துல பூஸ்ட் முழுசா நிக்குதுங்களா?”

அவர் திரும்பிப் பார்த்தார். “அம்மிணி, வண்டி வந்த நாள்லருந்து இப்படி ஒரு கேள்விய யாராவது கேப்பாங்களான்னு காத்துட்டிருக்கேன்” என்றார்.

* தெரியாதவர்களுக்கு: இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இறுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். அந்த அழுத்தத்துக்குப் பெயர்தான் பூஸ்ட். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், இழுவை கூடும். மலையில் காற்று மெல்லியது, சாதாரண வண்டி மூச்சு வாங்கும். டர்போ வண்டி காற்றை அள்ளி இறுக்கிக்கொள்வதால் அவ்வளவாகச் சளைக்காது. ஒரே குறை, சக்கரம் வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். ஆக்ஸிலரேட்டரில் காலை அமுக்கியதும் ஒன்றும் நடக்காது. நடக்கும்போது எல்லாம் சேர்ந்து நடக்கும்.

3

ஞானவேலை நான் முதலில் கெட்டவராக எழுதினேன். விரலுக்கு ஒரு மோதிரம் போட்டேன், வாயில் திமிரான பேச்சை வைத்தேன். வாசித்துவிட்டுக் கண்மணி தலையை ஆட்டினாள்.

“அவர் நல்லவருங்க. அதாங்க கஷ்டமே.”

மோதிரங்களைக் கழற்றிவிட்டேன். மறுநாள் அவர் கண்மணியைக் காரில் ஒரு சுற்றுக் கூட்டிப் போகும் முன், பூம்பாறைச் சாலையில் ஒரு முறை மெதுவாகப் போய்ப் பள்ளங்களைப் பார்த்து வந்தார். அவள் பெல்ட்டைத் தன் கையால் இறுக்கிச் சரிபார்த்தார். அப்படிப்பட்ட மனிதர்.

4

உள்ளே எதுவுமே இல்லாதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கம்பளம் இல்லை, ரேடியோ இல்லை. கதவைத் திறக்கக் கைப்பிடிகூடக் கிடையாது, ஒரு கம்பிக்கயிறுதான். எடை குறைய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் கழித்திருந்தார்கள். பிரேக்குக்கு உதவி செய்யும் பூஸ்டரும் இல்லை. ஏறி மிதிக்க வேண்டும்.

பூம்பாறைக்கு முந்தைய வளைவுகளுக்கு நடுவே நேராகக் கொஞ்சம் சாலை கிடைக்கும். ஞானவேல் காலை அமுக்கினார். வேகம் காட்டும் முள் மெதுவாக ஏறியது. வேறொன்றும் இல்லை. அடுத்த வளைவு வந்துவிடுமோ என்று பதறி அவர் காலை எடுக்கப் பார்த்தார்.

“எடுக்காதீங்க சார்” என்றாள் கண்மணி. “இன்னும் அமுத்துங்க. இப்ப வரும்.”

வந்தது.

[யானை முட்டியது போல்]
[வானம் பின்னாலிருந்து]
[அவளுடைய உயிர் இருக்கையிலேயே தங்கிவிட, உடம்பு மட்டும்]

எதுவும் சரியாக வரவில்லை. கண்மணி சொன்னதையே போடுகிறேன்: “கண்ணு முன்னாடி இருந்த மரமெல்லாம் பின்னாடி போயிருச்சு. சத்தம் அப்புறந்தாங்க கேட்டுச்சு. நான் சிரிச்சேன். சத்தியமாச் சிரிச்சேன்.”

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வளைவு வந்தது. வளைவில் பெண்கள், தலையில் பூண்டுக்கட்டுகளோடு.

ஞானவேல் காலைச் சட்டென எடுத்தார். யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். எடுத்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்தது, பின்சக்கரங்களின் பிடி தளர்ந்தது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் அவ்வளவு கனமும் தானாகச் சுழலத் தொடங்கியது. கார் வந்த திசையைப் பார்க்கத் திரும்பி, பின்பக்கமாகச் சறுக்கி, மேட்டோரம் காய்ந்த புல்லில் ஏறி நின்றது. யார் மீதும் மோதவில்லை.

சாலை முழுக்கப் பூண்டு சிதறிக் கிடந்தது.

5

இந்த இடத்தில் வாசகர் என்னை நிறுத்தலாம். அந்தப் பெண்களில் ஒருத்தி சோலையம்மாளாக இருப்பது கதைக்காகச் செய்த வசதியா என்று. இல்லை. அது அவர்கள் ஊர், அவர்கள் காடு, அவர்கள் தினமும் நடக்கும் சாலை. அங்கே அன்று புதிதாக வந்தது கார் மட்டுந்தான்.

ஆனால் கண்மணி அப்போது அம்மாவைப் பார்க்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல்தான் கார், டர்போ என்று இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இன்ஜின் அணைந்திருந்தது. கடும் ஓட்டத்துக்குப் பிறகு டர்போ அடுப்புக்கரியைப் போலச் சிவந்திருக்கும். அடியில் பிப்ரவரி மாதத்துப் புல். பொசுங்கும் வாசனை வந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கம்பிக்கயிற்றைத் தேடி இழுத்து வெளியே குதித்தாள். ஞானவேலின் பக்கத்துக் கதவை மேடு அடைத்திருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“சார், இறங்குங்க. இந்தப் பக்கமா வாங்க.”

“ரெண்டு நிமிஷம் ஐடில்ல விட்டுத்தான் அணைக்கணும்னு சொன்னீங்களே அம்மிணி” என்றார் அவர். அமைதியான குரல். டர்போ ஆறும்வரை இன்ஜினைச் சும்மா ஓடவிட வேண்டும் என்று காலையில் அவள்தான் சொல்லியிருந்தாள். மறுபடியும் அவர் அதையே சொன்னார். பின்னால் புகை எழும்பியது.

பூண்டு சுமந்து வந்தவர்களில் ஒருத்தியான பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்தான் ஓடிவந்து, உள்ளே பாதி உடம்பை நுழைத்து, சட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டாள். கண்மணி மண்ணை அள்ளி இன்ஜின் மேல் வீசினாள். காரின் உடம்பு நாரும் பசையும் கலந்து செய்தது. பற்றிக்கொண்டதும் கறுப்பாக எரிந்தது. பெண்கள் பச்சைக் கிளைகளை ஒடித்து, புல்லில் பரவிய தீயை அடித்தார்கள். தீ மேலே காட்டுக்குள் ஏறவிடாமல் நிறுத்தியது அவர்கள்தான். கண்மணி மட்டும் காரையே சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த இரண்டு டர்போவையாவது காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாளாம்.

அப்போது குப்பம்மாள் கேட்டாள்: “ஏண்டி கண்மணி, ஒங்க ஆத்தாளப் பாத்தியா?”

6

சாலைக்குக் கீழே, உருளைக்கிழங்கு போட்டிருந்த வயலில் சோலையம்மாள் கிடந்தாள். கார் சுழன்று வருவதைப் பார்த்துக் குதித்திருக்கிறாள். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கூப்பிடவில்லையா, மேலே எரியும் சத்தத்தில் கூப்பிட்டும் கேட்காமல் போனதா என்பது கண்மணிக்கு இன்றுவரை தெரியாது.

முதல் பிரதியில் சோலையம்மாள் இறந்துவிட்டாள். அப்படி எழுதினால் கதை கச்சிதமாக முடிந்தது. கண்மணி தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். “எங்க அம்மாவ எதுக்குங்க கொன்னீங்க?” என்றாள். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மகளின் முகத்தைப் பார்த்ததும் சோலையம்மாள் முதலில் கேட்டது, “நீ எப்படி இங்க? காலையிலயே கொடைக்கானலு போறேன்னுல்ல போன?”

“அந்த வண்டியிலதாம்மா வந்தேன்.”

சோலையம்மாள் மேலே எழும்பும் புகையைப் பார்த்தாள். மகளின் கையிலிருந்த கரியைப் பார்த்தாள். பிறகு வலியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

7

ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஞானவேல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டவர்களிடமெல்லாம் ‘தப்பு என்னுது, நான்தான் வேகமாப் போனேன்’ என்று சொன்னார். போலீஸிடமும் அதையே சொன்னார். கண்மணி சொன்ன ‘இன்னும் அமுத்துங்க’ பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் கட்டிலருகே கண்மணி சொன்னாள்: “அவரில்லம்மா. நாந்தான் அமுத்தச் சொன்னேன்.”

[சோலையம்மாள் மகளை அறைந்தாள்.]
[சோலையம்மாள் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.]

இரண்டையும் எழுதிப்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. அவள் ஒரு சந்தேகத்தைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்:

“அது சரி, அம்புட்டு வெரசா எங்க போகச் செஞ்சாங்க அந்த வண்டிய?”

கண்மணி பதினாறு வருஷம் படித்தவள், டர்போவிலேயே வேலை பார்ப்பவள். வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை.

அந்த வாக்கியத்தைத் தேடித்தான் நான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அவளுக்காக ஒரு பதில் எழுதினேன், அழகாகவே வந்தது. கண்மணி வாசித்துவிட்டு, “இத நான் எங்க அம்மாகிட்டச் சொல்ல முடியுங்களா?” என்று கேட்டாள். முடியாது. எடுத்துவிட்டேன்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். சோலையம்மாள் இப்போது கோலூன்றி நடக்கிறாள். பூம்பாறையில் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே மூன்றாவது வீடு. காலையில் வெள்ளனே போனால் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். உங்களிடம் பதில் இருந்தால் போய்ச் சொல்லுங்கள். காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தபடி.