பெயர் எழுதிய நாற்காலி

அந்த ஊரில் சூரியன் வெளிச்சம் மட்டும்தான் தரும். சூடு, மாதவிலக்கு நின்ற பெண்களிடமிருந்து வரவேண்டும். ஒவ்வொரு தெருவிலும் அந்த வயதில் ஒருத்தியோ இரண்டு பேரோ இருப்பார்கள். அவர்கள் வாசல் பெருக்கி நிமிரும்போது கொடியில் துணி காயத் தொடங்கும், முறத்தில் மோர்மிளகாய் சுருங்கத் தொடங்கும், பூனைகள் மதிலேறிப் படுக்கும். இதற்காக யாரும் அவர்களுக்கு நன்றி சொன்னதில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் குழாய்க்கு நன்றி சொல்கிறோமா என்ன?

சூடு அளவோடு வரவேண்டும் என்பதற்காக ஆஸ்பத்திரியில் ஹார்மோன் பிளாஸ்திரி கொடுத்தார்கள். விரல் அகலத்தில், கண்ணாடி போல ஒரு துண்டு. இடுப்பில் ஒட்டிக்கொண்டால் போதும். சூடு உள்ளே அடங்கி, தெருவுக்கு வேண்டியது மட்டும் வெளியே கசியும். சிலருக்குப் போகப்போகப் பிளாஸ்திரி கேட்காது. அவர்களை உப்பளத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சண்முகவடிவுக்கு ஐம்பத்தொரு வயது. பால் சொசைட்டியில் பால் அளந்து ஊற்றுகிற வேலை. தெப்பக்குளத் தெருவின் சூடு அவளும் எதிர்வீட்டுச் செல்லக்கனியும் சேர்ந்து கொடுத்ததுதான். போன ஐப்பசியில் செல்லக்கனிக்குப் பிளாஸ்திரி கேட்காமல் போயிற்று. அவள் வீட்டு இரும்புக் கேட் சிவந்தது. தெருவில் தார் இளகி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன. உப்பளத்தில் உட்காருவதற்கு அவள் பெயரில் நாற்காலி வந்தது. செல்லக்கனி அதைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் உப்பளம். வரப்பின்மேல் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெண், பாத்தித் தண்ணீரைப் பார்த்தபடி. பார்க்கப் பார்க்கத் தண்ணீர் வற்றி உப்புப் பூக்கும். காற்று அடித்து அந்த உப்பு அவர்கள்மேலும் படியும். கார்த்திகையில் செல்லக்கனிக்குக் கணுக்கால் வரை இருந்தது. தையில் முழங்கால். பங்குனியில் சண்முகவடிவு பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது சேலையின் முந்தி மறைந்து, தோள்வரை ஏறியிருந்தது. வாயைத் திறந்தால் உப்புப் போகும் என்பதால் அங்கே யாரும் பேசுவதில்லை. செல்லக்கனியின் கணவர் பொன்பாண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுக் கேரியரை வரப்பின் முனையில் வைத்துவிட்டு வருவார். அடுத்த ஞாயிறு காலிக் கேரியரை எடுத்துக்கொள்வார். அதை யார் தின்றார்கள் என்று அவர் பார்த்ததில்லை. பஸ் அந்தப் பக்கம் வரும்போது எல்லாரும் போனைப் பார்ப்பார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவள் என்று ஊரில் ஒருத்தியும் இல்லை.

செல்லக்கனி போன வாரமே தெருப்பெண்கள் சண்முகவடிவைச் சூழ்ந்துகொண்டார்கள். "மைனி, நீங்களாவது ஒடம்பப் பாத்துக்கிடுங்க. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம தலையிலிருந்து கால்வரைக்கும் நல்லெண்ணெய் தேயுங்க. சூடு அடங்கிரும்." அது அவளுக்கும் தெரிந்ததுதான். செல்லக்கனிக்கு முதல் வேர்வை கண்டபோது அதே யோசனையைச் சொன்னதும், எண்ணெயைக் காய்ச்சி எடுத்துப்போய் முதுகிலும் இடுப்பிலும் பரபரவென்று தேய்த்துவிட்டதும் அவள்தான். இப்போது தனக்குத் தேய்த்துக்கொண்டாள். எண்ணெய் தேய்த்து, குளித்து, சாமி கும்பிட்டு, நல்ல நாளாகப் பார்த்து அன்றைக்கே புதுப் பிளாஸ்திரியையும் மாற்றிக்கொண்டாள்.

சித்திரை பிறந்தது. ஒரு பிற்பகல் சொசைட்டியில் அவள் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குழியில் யாரோ தீக்குச்சி உரசியது போலிருந்தது. கழுத்துக்கு ஏறியது. காதுக்கு ஏறியது. மேலுதட்டில் வேர்வை அரும்பி, நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டு, அதன் பின்னால் ஒரு பயம் வந்தது. எதைப் பற்றிய பயம் என்று தெரியாத பயம். கீழே பார்த்தாள். கேனில் பால் சுண்டித் திரட்டுப்பாலாகியிருந்தது. வந்தவர்கள் பாத்திரத்தை நீட்டி அதையே வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி மட்டும், "சீனி போட்டிருக்கா மைனி?" என்று கேட்டாள்.

இப்போது அது எதைப் பற்றிய பயம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஈரத்துண்டைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். பேச்சைக் குறைத்தாள், வாய்க்காற்றே சுட்டது. பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையை நீட்டி, "ஒரு நிமிசம் வச்சிருங்க மைனி" என்றபோது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். வீட்டில் ஃபேனுக்காகச் சண்டை. அவள் முழு வேகத்தில் வைப்பாள். கணவர் லிங்கதுரை எழுந்துபோய் நிறுத்துவார். அவர் மதியத்திலும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுப் பொன்பாண்டியும் ஒரு வருஷமாக அப்படித்தான். அந்த ஊரில், சூடு அதிகமான வீடுகளின் ஆண்களுக்குக் குளிர் எடுப்பது வழக்கம்.

திங்கட்கிழமை வெப்ப ஆய்வாளர் உலகநாதன் வந்தார். கையில் தேங்காயெண்ணெய்க் குப்பி. உறைந்திருந்தால் தெரு நலம், உருகினால் எச்சரிக்கை, கொதித்தால் உப்பளம். வாசற்படியில் குப்பியை வைத்தார். எண்ணெய் உருகி, அடியில் ஒரு குமிழி கிளம்பியது.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

சண்முகவடிவு அவருக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள். லிங்கதுரை மஃப்ளரோடு வந்தார்.

"அடுத்த திங்கக்கிழமை வருவேன் அண்ணாச்சி. நாற்காலிய இன்னைக்கே எறக்கிருதோம். பேரு காயணும்லா."

அன்று மாலையே நாற்காலி வந்தது. நீல முதுகில் வெள்ளைப் பெயிண்டில், 'சண்முகவடிவு, க/பெ. லிங்கதுரை' என்று நல்ல கையெழுத்து. கூடத்தில் அதைத் தாண்டித்தான் அடுக்களைக்குப் போகவேண்டும். அவள் சுவரோடு ஒட்டிப் போனாள். பெயிண்ட் வாசம் சோற்றில்கூட அடித்தது.

மகள் இசக்கி செமஸ்டர் லீவுக்கு வந்தாள். பையைக்கூட இறக்காமல் நாற்காலியைப் படித்தாள். "யம்மா, இதுல எதுக்கு அப்பா பேரு? அவியளா உக்காரப் போறாவ?"

"எல்லா நாற்காலியிலும் அப்படித்தான் போடுவாவ. சும்மா கெட."

"சும்மா கெடக்க முடியாது. டாக்டர்ட்ட போவோம்."

டாக்டர் மூவரையும் உட்காரச் சொல்லிவிட்டு லிங்கதுரையைப் பார்த்தார். "தூக்கம் எப்படி?"

"நல்லா தூங்குதேன் சார். இந்த வருசம் தூக்கம் அருமையா இருக்கு."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். "மனசு?"

"சாந்தமா இருக்கு சார்."

"அப்போ வீட்ல பிரச்சினை இல்லை. மருந்துதான் தோத்துருச்சு. சிலருக்கு அப்படி ஆகும், வயசு பாருங்க. உப்பளத்துல காத்து நல்லாருக்கும்."

இசக்கி மேஜையில் கையை ஊன்றினாள். "மருந்து தோத்துச்சுன்னு எப்படிச் சொல்லுதிய? பிளாஸ்திரி ஒட்டியிருக்கான்னு பாத்தியளா? எங்க ஒட்டுதாங்க, எப்ப மாத்துதாங்கன்னு கேட்டியளா? வேற ஏதாவது டெஸ்ட்? அவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டியளா?"

"நீங்க என்ன படிக்கிறீங்க?"

"எம்.ஏ. எகனாமிக்ஸ்."

"அப்போ எகனாமிக்ஸ் பாருங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது சண்முகவடிவு மகளை மூன்று அடி தள்ளியே நடக்கச் சொன்னாள். உப்பு முதலில் எங்கே படியும் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். கால்விரல் இடுக்கில்தான் இருக்கும். செல்லக்கனி அக்காவுக்குக் கால்விரல் அரித்திருக்குமா? அரித்தால் குனிய முடிந்திருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை லிங்கதுரைக்குக் குளிரில் பல் கிட்டியது. "ஏட்டி, முதுகுல கொஞ்சம் தைலம் தேச்சுவிடேன்." அவள் ஸ்வெட்டரைத் தூக்கினாள், பனியனைத் தூக்கினாள். கையை வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். முதுகு நெடுக, ஓட்டுக்கூரையில் ஓடு வேய்ந்தது போல, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பிளாஸ்திரிகள். நன்றாக ஒட்டியிருந்தன. அவர் எண்ணெய் தேய்க்கிறவர் அல்ல.

சண்முகவடிவு தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் வழவழவென்று இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒட்டியது அன்றிரவே வழுக்கிப் படுக்கையில் விழுந்து, பக்கத்தில் கிடந்த முதுகுக்குப் போயிருக்கிறது. வாராவாரம்.

"எப்பா, இது ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள் இசக்கி.

"தெரியும். இதமா இருந்துச்சு." லிங்கதுரை மஃப்ளரைச் சரிசெய்தார். "யாரும் கேக்கலையே."

சண்முகவடிவு கடலைமாவு போட்டு இடுப்பைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஃபேனுக்கு நேரே நின்று காயவிட்டு, புதுப் பிளாஸ்திரியை ஒட்டி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை விடிவதற்குள் தணிந்துவிடுமா? பிளாஸ்திரி மறுநாளே கேட்கும் என்று யாரும் சொன்னதில்லை. அழுத்திய கையை எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே ஒரு கையால் சோறு வடித்தாள்.

உலகநாதன் குப்பியை வாசற்படியில் வைத்தார். எண்ணெய் உருகிக் கிடந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நடுவில் பால் துளி போல ஒரு வெண்மை விழுந்தது. அது பரவி, குப்பி முழுக்க உறைந்தது.

"நல்லது அண்ணாச்சி," என்றார் உலகநாதன், லிங்கதுரையிடம். "ஆனா எறக்குன நாற்காலி திரும்பாது. சாயங்காலம் உப்பளத்துல இருக்கணும். விதி."

"விதியில ஆளுன்னு எழுதியிருக்கா, நாற்காலின்னு எழுதியிருக்கா?" என்றாள் இசக்கி.

அவர் சற்று யோசித்தார். "நாற்காலின்னுதான் எழுதியிருக்கு."

"அப்போ நாற்காலி வரும். நீங்க போங்க."

உண்மையில் சண்முகவடிவுக்கு அப்போது நாற்காலி நினைப்பு இல்லை. அவள் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பொன்பாண்டி அண்ணாச்சி, கொஞ்சம் சட்டையைத் தூக்குங்க." அவர் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றார். அங்கேயும் ஓடு வேய்ந்திருந்தது.

இவள் காய்ச்சித் தேய்த்த எண்ணெய் செய்த வேலை.

ஒவ்வொன்றாக உரித்து ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு, நாற்காலியைத் தலையில் கவிழ்த்து, மகளோடு உப்பளத்துக்கு நடந்தாள். வரப்பில் ஏறியதும் வழியெல்லாம் வெக்கை. முதல் நாற்காலி, இரண்டாவது நாற்காலி என்று ஒவ்வொருத்தியையும் கடந்தாள், ஒருத்தியும் திரும்பவில்லை. சிலர் அம்பாரம் போல ஆகிவிட்டிருந்தார்கள். அதில் உப்பு எது, ஆள் எது என்று தெரியவில்லை. செல்லக்கனிக்கு உப்பு மோவாய்வரை வந்திருந்தது. கண் திறந்திருந்தது.

பிளாஸ்திரி ஒட்டத் தோல் வேண்டுமே. நெற்றிதான் மிச்சம். சண்முகவடிவு நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு முந்தியால் உப்பைத் துடைத்தாள். சுள்ளென்று கை சுட்டது; எடுக்கவில்லை. உப்புக் காற்றில் உலர்ந்த தோல், ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது. பிளாஸ்திரி சிக்கென்று பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் சண்முகவடிவின் வாழ்க்கையிலேயே நீளமானது. பிறகு கழுத்தில் ஒரு விரிசல் விட்டது. உப்பு பாளம் பாளமாகப் பாத்தியில் விழுந்தது.

"ஏளா," என்றாள் செல்லக்கனி. குரல் கரகரத்தது. "எண்ணெய் கொண்டுவந்திருக்கியா?"

"இல்லக்கா. இனிமே வேண்டாம்."

"சரி."

அப்போது வரப்பு நெடுகச் சத்தம் கேட்டது. கிறீச், கிறீச் என்று பிளாஸ்டிக் நாற்காலிகள் நகர்கிற சத்தம். எல்லாரும் நெற்றியை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

தட்டில் இருந்தது போதாது. இசக்கி ஒவ்வொரு நாற்காலியின் பின்னாலும் போய்ப் போனில் படம் எடுத்தாள். க/பெ. பொன்னுச்சாமி. க/பெ. ராஜாமணி. க/பெ. தங்கப்பாண்டி. யார் முதுகில் போய் உரிக்கவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய், உரித்த பிளாஸ்திரிகளைக் கேரியர் நிறையக் கொண்டுவந்தாள். பொழுது சாய்வதற்குள் வரப்பில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. செல்லக்கனி வரப்பு முனையில் இருந்த தன் கேரியரை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, அந்த ஊரில் முதல்முறையாக, சூரியன் சுட்டது.

உலகநாதன் குப்பியோடு வந்து ஒவ்வொரு வாசற்படியிலும் வைத்துப் பார்த்தார். எல்லாப் படியிலும் உறைந்தது. தெருவில் இறங்கினால் உருகியது. கடைசியில் நடுத்தெருவில் நின்று குப்பியை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தார். எண்ணெய் தளதளவென்று கொதித்தது. "அடுத்த திங்கக்கிழமை வருவேன்" என்று மேலே பார்த்துச் சொன்னார்.

மாலையில் பெயிண்டர் புது நாற்காலியோடு வந்தார். 'சூரியன்' என்று எழுதி, கமா வைத்து, 'க/பெ.' போட்டு நிறுத்தினார். "மேக்கொண்டு என்ன பேரு போடணும்?"

தெருவில் யாருக்கும் தெரியவில்லை. பொன்பாண்டி லிங்கதுரையைப் பார்த்தார். லிங்கதுரை மஃப்ளரைக் கழற்றிவிட்டு வேர்த்துக் கொட்ட நின்றுகொண்டிருந்தார். பெயிண்டர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனார்.

சண்முகவடிவு மோர்மிளகாய் முறத்தைத் தூக்கிவந்து, பெயிண்ட் ஒட்டாமல் பார்த்து, அந்த நாற்காலியின்மேல் வைத்தாள். ஆள் வந்து உட்கார இன்னும் ஆறு நாள் இருந்தது.