தையல் மெஷினில் கீரவாணி

அப்துல் காதருக்கு எந்தப் பாட்டையும் ஒழுங்காகப் பாடி முடிக்கத் தெரியாது என்பது அவர் மனைவி ஹஸீனாவின் தீர்ப்பு. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடிக் கடையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஒரு சினிமாப் பாட்டைத் தொடங்குவார். பாதியில் அது வேறு படத்துப் பாட்டாகிவிடும். முடியும்போது மூன்றாவது ஒன்று வந்து நிற்கும். "ஏங்க, ஒன்ன முடிச்சிட்டு இன்னொன்னுக்குப் போகக்கூடாதா?" என்று அவளும் முப்பது வருஷமாகக் கேட்டு அலுத்துவிட்டாள்.

இப்போது அந்தக் கதம்பமும் இல்லை. தொண்டையிலிருந்த கட்டியை எடுத்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. இனிப் பேசினால்தான், பாடினால்தான் குரல் திரும்பும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மனிதர் வாயைத் திறந்தால்தானே! ஒருமுறை பாடிப் பார்த்தார். தகரத்தைத் தேய்த்த சத்தம் வந்தது. அன்றிலிருந்து எல்லாம் கைஜாடைதான். இப்படியே ஊமையாகிவிடுவாரோ என்று ஹஸீனா பயந்தாள்.

அவர்களிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் சுஷ்மிதா, ஞாயிற்றுக்கிழமை தன் கச்சேரிக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்திருந்தாள். இருவருக்கும் அதுதான் முதல் கச்சேரி. இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று. பிறகு சுஷ்மிதா வார்த்தையே இல்லாமல் இழுக்கத் தொடங்கினாள். ஐயோ பாவம், பிள்ளைக்கு வரி மறந்துவிட்டது என்று ஹஸீனா பதறினாள். சுற்றியிருந்தவர்களோ சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த இழுப்புக்குள் தெரிந்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. காதர் கடையில் பாடும் முதல் பாட்டு! அது முடியுமுன் இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது. அவர் தாவுகிற அதே இடத்தில் சுஷ்மிதாவும் தாவினாள். "கீரவாணி" என்று பின்வரிசையில் யாரோ ராகத்தின் பெயரை முணுமுணுத்தார்கள்.

மூன்று படம், மூன்று காலம், எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா! ஹஸீனாவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு பெரிய ஒன்று, பெயர்கூடச் சொல்லாமல், தன் கடையில் ஊசிநூலுக்கு நடுவே முப்பது வருஷம் குடியிருந்திருக்கிறது. சுபஹானல்லாஹ் என்றது மனது. திரும்பிப் பார்த்தாள். அவர் கண்களை மூடியிருந்தார். வலது கால் தரையை மெஷின் போல மிதித்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

வீடு திரும்ப பொங்கோல் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், பிறந்ததிலிருந்து பாடியே அறியாத ஹஸீனா அந்த இழுப்பை மெல்ல முனகினாள். எங்கேயோ சறுக்கினாள். கோணல் தையலைப் பார்த்ததுபோல் அவர் முகத்தைச் சுளித்தார். கையை ஆட்டித் தடுத்தார். அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு அதே இடத்தில் மறுபடி சறுக்கினாள்.

"அங்க இறங்காத லா," என்றார். உடைந்த குரல். "இன்னும் கொஞ்சம் மேல நில்லு." நின்றும் காட்டினார். தகரம்தான், ஆனால் வழி தவறாத தகரம்.

ஹஸீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரியாகப் பிடிபட்டுவிட்ட அந்த இடத்தை, வேண்டுமென்றே தப்பாகப் பாடினாள்.