ஐந்தாம் அலகில் இல்லாத கதை

1

இந்தக் கதை ஓர் அட்டவணையில் பிறந்தது. மற்றவர்களுக்குக் கனவிலோ காதலிலோ கிடைப்பது எனக்கு அலகு, மணிநேரம், கற்றல் விளைவு என்று மூன்று கட்டங்களில் கிடைத்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை பெய்துகொண்டிருந்தது. அஃப்ரா சன்னலோரம்...' வேண்டாம். அது மார்ச் மாதம். சென்னையில் எங்கே மழை?

இரண்டாவது தொடக்கம்: 'நாலு மணிக்குள் பாடத்திட்டம் வந்தாக வேண்டும் என்றார் துறைத்தலைவர் சங்கரன்.' இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அஃப்ரா அடையாற்றில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் வேலை. 'மொழிபெயர்ப்புப் புனைகதை' என்ற விருப்பப் பாடத்தைத் தானே கேட்டு வாங்கியிருந்தாள். நான்கு அலகுகள் தயார். ஐந்தாவதற்கு வைத்திருந்த கதைக்குப் பதிப்பகத்தின் அனுமதி வரவில்லை. மணி மூன்று நாற்பது. கட்டத்தைக் காலியாக விட முடியாது. தட்டினாள்:

'உறைந்த ஆற்றின் படகோட்டி. தமிழில்: ஸ்நேஹா.'

அப்படி ஒரு கதை அச்சில் எங்கும் இல்லை. நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். கற்றல் விளைவையும் எழுதினாள்: 'இக்கதையைப் படித்த மாணவர், காத்திருப்பது எப்படி ஒரு தொழிலாகிறது என்பதை விளக்குவார்.'

(ரசிப்பார், நெகிழ்வார் என்றெல்லாம் எழுதக் கூடாது. அளக்க முடியாதது விளைவு ஆகாது. விளக்குவார், ஒப்பிடுவார், மதிப்பிடுவார். இவைதான் செல்லும்.)

பாடத்திட்டக் குழு அன்று மாலையே கூடி ஒப்புதல் தந்துவிட்டது.

"அஞ்சாவது யூனிட்தாம்மா உயிரே," என்றார் சங்கரன். "எங்க புடிச்ச இந்தக் கதைய?"

அஃப்ரா சிரித்தாள். அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது.

3

ஜூலையில் நூலக உதவியாளர் கபாலி வழிமறித்தார்.

"மேடம், அந்தப் படகுக்காரன் புக்கு எங்க கீது? பசங்க கேட்டுக்கினே கீறாங்க. ரேக்கு ரேக்கா ஏறி எறங்கி முட்டி பேந்துடுச்சி."

"வந்துடும் கபாலி."

"வரும்ன்றது சரி. எங்கேர்ந்துன்னு சொல்லு மேடம்."

4

இப்போது ஒன்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். எனக்குப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஸ்தூரிபா நகரில் பறக்கும் ரயில் ஏறுவார்கள், அஃப்ராவும் ஸ்நேஹாவும். கல்லூரியில் ஒரே வகுப்பு. மயிலாப்பூர் வாடகை நூலகம் ஒன்றிலிருந்து எடுத்த மொழிபெயர்ப்பு நாவல்கள் இருவர் பையிலும் இருக்கும். இருவரும் பனியைப் பார்த்ததில்லை. ஸ்நேஹா தினம் ஒரு நாட்டைக் கண்டுபிடித்து, அந்த நாட்டுக் கதை ஒன்றைச் சொல்வாள். நடுவில் நிறுத்தி, "மூலத்துல இன்னும் நன்னா இருக்கும்டீ," என்பாள்.

கோட்டூர்புரம் தாண்டி ரயில் அடையாற்றின் மேல் போன ஒரு சாயங்காலம்தான் படகோட்டி வந்தான். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடுகிறது. ஊரே நடந்து கடக்கிறது. அவன் மட்டும் படகில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

"நம்ம ஆறு உறைஞ்சா நாத்தமாவது நிக்கும்," என்றாள் ஸ்நேஹா.

அஃப்ரா மந்தைவெளியில் இறங்க வேண்டும். ஸ்நேஹா அடுத்த நிலையமான திருமயிலையில். "முடிவு?" என்று பிளாட்பாரத்திலிருந்து கத்தினாள் அஃப்ரா. "அது திருமயிலைலதான் வரும்!"

அந்த வெளிச்சத்தைப் பற்றி ஒரு வாக்கியம்: 'ஆறு மணி வெயில் ரயிலின் கம்பிகளில்...' முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டில், ஸ்நேஹா சொன்ன வேறொரு கதை கல்லூரி ஆண்டு மலரில் வந்தது. கீழே அஃப்ராவின் பெயர். உட்கார்ந்து எழுதியது நான்தானே என்று அவள் நினைத்திருந்தாள். ஸ்நேஹா படித்துவிட்டு, "நன்னா வந்துருக்குடீ," என்றாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனாள்.

(அவள் கத்துவதாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். கத்த மறுக்கிறாள்.)

5

ஸ்நேஹா இப்போது தி.நகரில் ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கிறாள். பனகல் பூங்காவுக்கு மதியச் சாப்பாட்டோடு வந்தாள். வந்திருப்பாளா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வராவிட்டால் கதை இல்லை.

"இத்தனை வருஷம் கழிச்சு ஃபோன் பண்ணினியா, கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சுண்டேன். பாடத்திட்டமா?"

"உன் பேரைப் போட்டிருக்கேன்டீ."

"ஆமா. இல்லாத கதைக்கு. இருந்த கதைக்குப் போடலை."

ஸ்நேஹா ஒரு வாய் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"எழுதித் தரேன். முடிவோட. ஆனா 'தமிழில்'னு இருக்கக் கூடாது. அந்த ஊரு, ஆறு, பனி எல்லாம் என்னோடது. 'எழுதியவர்'னு மாத்து."

"அது மொழிபெயர்ப்புப் பாடம்டீ. மாத்தணும்னா நான் பொய் சொன்னேன்னு சார்கிட்ட ஒத்துக்கணும். இந்த மாசம்தான் புதுப்பிக்கிறாங்க. வேலை போயிடும்."

"போனாலும் போகலாம்." டப்பாவை மூடினாள். "ரெண்டு மணிக்கு டியூட்டி. வரேன்."

6

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) அஃப்ராவே படகோட்டியின் கதையை எழுதி, ஸ்நேஹா பெயரில் நகலெடுத்துக் கொடுத்துவிடுகிறாள். யாருக்கும் தெரியாது. மாணவர்கள் விளக்குவார்கள், ஒப்பிடுவார்கள்.

ஆ) உண்மையைச் சொல்கிறாள். சங்கரன் சிரித்து மன்னிக்கிறார். எழுதிவிட்டு அடித்தேன். ஒப்புதல் பத்திரத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது, எப்படிச் சிரிப்பார்?

இ) 'அஃப்ரா சொல்லி முடித்ததும் சங்கரன் நாற்காலியைப் பின்னால் தள்ளி...'

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை. இதை என்னிடம் சொன்னவளின் பெயர் அஃப்ரா அல்ல. நான் எழுதுவேன் என்று தெரிந்து அவள் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னாள், நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். முதல் பக்கத்தில் என் பெயரையும் போட்டுவிட்டேன்.

அஃப்ரா இப்போது துறைத்தலைவர் அறை வாசலில் நிற்கிறாள். கையிலிருக்கும் தாளில் ஒரு சொல் பேனாவால் அடிக்கப்பட்டிருக்கிறது. "யாரும்மா அது?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. அவளை உள்ளே அனுப்புவதும் திருப்பி அழைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். உங்களுக்கு அவள் யாருமில்லை, தைரியமாக முடிக்கலாம்.

எனக்கு ஒருத்தியிடம் ஃபோனில் பேச வேண்டியிருக்கிறது.