தூணின் உச்சியில் இருவர்

தர்மினி ஒஸ்லோவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் காணொளிப் படங்களைத் திருத்துபவள். அந்த மாதம் முழுக்க அவளுக்கு ஒரே வேலைதான். அமெரிக்கப் பாலைவனத்தில் தனியாக நிற்கும் மணற்கல் தூண் ஒன்றின் உச்சியில் புதுக் காரை ஏற்றி வைக்க வேண்டும். சினிமாவிலும் சுவரொட்டிகளிலும் கணினித் திரைகளிலும் எல்லோரும் பார்த்துச் சலித்த தூண். ஆனாலும் வாடிக்கையாளருக்கு அது இன்னும் சிவப்பாக, இன்னும் உயரமாக வேண்டியிருந்தது.

காரை வைக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கயிறு கட்டி ஏறிய இரண்டு பேர் அங்கே நின்றார்கள். ஒருத்தி கையை உயர்த்தி அசைத்துக்கொண்டிருந்தாள். மேலாளர் அவர்களை அழித்துவிடச் சொன்னார். அசையும் அந்தக் கையை அழித்து முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. தர்மினிக்குக் கண் எரிந்தது.

நகரின் கிழக்கே ட்வெய்ட்டாவில் உள்ள வீட்டுக்கு வந்தபோது, முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த கணவன் தக்சன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தான்.

“இண்டைக்கு என்ன செய்தனீர்?” என்று கேட்டான்.

“ஒரு பாறை உச்சியிலை நிண்ட ரெண்டு பேரை அழிச்சனான்.”

“அவை பத்திரமா இறங்கிட்டினமோ?”

“தெரியேல்லை. படம் அதுக்கு முதலே முடிஞ்சிட்டுது.”

மறுநாள் காலை, விளம்பரத்துக்கு வேண்டாமென்று ஒதுக்கிய காணொளித் துண்டுகளை அவள் தேடிப் பார்த்தாள். ஒன்றில் அந்த இருவரும் தூணின் அடியில் காலை நீட்டியிருந்து தண்ணீர் குடித்தார்கள். கதைக்கவும் முடியாத களைப்பு அவர்களுக்கு.

“இறங்கிட்டினம்,” என்று தக்சனுக்கு எழுதி அனுப்பினாள். பிறகு காரின் நிழலைச் சரிசெய்யத் தொடங்கினாள்.