சுப்ரமணி பிசைந்த கேக்

ஒழுங்காக வெந்து, ஒழுங்காக உப்பி நிற்கிற கேக்கை எந்த மடையனாவது உதிர்த்துக் கூழாக்குவானா? ஆக்குவான். செல்போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே அதைத்தான் செய்தாள். குருசுக்குப்பத்தில் சுப்ரமணி அவளைப் பார்த்துப் பார்த்து, முகத்தை எட்டுக் கோணலாக வைத்துக்கொண்டு, தானும் செய்தான்.

வெண்ணெயும் சர்க்கரைப் பொடியும் அடித்த கிரீமைக் கொட்டிப் பிசையச் சொன்னாள். பிசைந்தான். விரலிடுக்கில் பிதுங்கிக்கொண்டு வந்தது. யாரோ மென்று துப்பியதை அள்ளி உருட்டுவது போலிருந்தது அவனுக்கு. பதினைந்து வயதிலிருந்து கடலுக்குப் போகிறவன். மீன் குடலை வழித்துப் போட்ட கையோடு டீ குடிக்கிறவன். அப்பேர்ப்பட்டவனுக்கு வெனிலா எசென்ஸ் வயிற்றைப் புரட்டியது.

“அய்ய, கருமம்! இத எப்படித்தான் துன்றாங்களோ.”

“திட்டாம உருட்டு. புள்ள காதுல வுழப்போவுது,” என்றாள் அவன் பெண்டாட்டி கண்ணகி, பலூனுக்கு முடிச்சுப் போட்டபடி.

புள்ள என்றால் மகள் சுடர்விழி. அன்று அவளுக்குப் பத்து வயது முடிகிறது. நாலு மணிக்கு வகுப்புப் பெண்கள் ஆறு பேர் வருகிறார்கள். அதில் ஒருத்தி நத்தாலி. போன மாதம், “உன் மேல மீன் நாத்தம் அடிக்குது,” என்று சொல்லிவிட்டு வேறு பெஞ்சுக்கு மாறிப் போனவள். அவள் பிறந்தநாளுக்குக் குச்சியில் குத்திய உருண்டைக் கேக் கொடுத்தார்களாம். கேக் பாப் என்று பெயராம். அதுவும் வீட்டிலேயே செய்ததாம்.

“நாமளும் வூட்லயே செய்யணும்ப்பா,” என்றிருந்தாள் சுடர்விழி. “அப்புறம் அன்னிக்கு மட்டும் வூட்ல மீன் வாடயே வரக்கூடாது.”

இரண்டையும் செய்வதாகச் சொல்லிவிட்டான். சொன்னபடி இரண்டு நாளாக வீட்டில் மீன் குழம்பு இல்லை. கண்ணகி மீன் விற்க மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வலையெல்லாம் அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. தரைக்கு மூன்று தரம் பினாயில்.

வெள்ளைச் சாக்லெட்டை உருக்கி ரோஸ் கலர் விட்டான். அதில் முக்கியெடுத்த முதல் உருண்டை குச்சியை விட்டுக் கழன்று கிண்ணத்துக்குள் விழுந்தது. அடுத்தது நூல் நூலாக ஒழுகியது, சளி ஒழுகுகிற மாதிரி. அதன்மேல் கலர் மணிகளைத் தூவினான். ஒழுகுகிற சனியனுக்கு அலங்காரம் வேறு! பல்லைக் கடித்துக்கொண்டு பதினெட்டு தேற்றினான்.

“குச்சிகளைத் தெர்மாகோலில் குத்தி நிறுத்தி, குளிரில் வையுங்கள்,” என்றாள் வீடியோக்காரி. அப்போதுதான் சுப்ரமணிக்கு முகம் மலர்ந்தது. தெர்மாகோலுக்கா இந்த வீட்டில் பஞ்சம்? பிரிட்ஜில்தான் இடமில்லை, கடலுக்கு ஐஸ் கொண்டுபோய் மீன் கொண்டுவருகிற தெர்மாகோல் பெட்டி இருக்கிறதே! வாடை போகட்டும் என்று அதையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, நேற்று முழுக்க வெயிலில் காய வைத்திருந்தான். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தான். ஒன்றுமில்லை. கண்ணகியும் மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. பெட்டியின் அடியில் குச்சிகளைக் குத்தி நிறுத்தி, மூலைக்கு ஒரு ஐஸ் பாக்கெட் வைத்து, மூடினான்.

மூன்று மணிக்குக் கண்ணகியின் தங்கை வினோதா, கடலை விட்டுத் தள்ளியிருக்கிற சாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். கல்யாணமாகிப் போய்ப் பன்னிரண்டு வருஷம். அக்கா வீட்டுக் கேக் எப்படியிருக்கிறது பார்ப்போம் என்று ஒன்றை உருவி வாயில் வைத்தவள், வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

“இன்னா மாமா இது! கவுச்சி கொமட்டுது. எதுல வெச்ச?”

“ஐஸ் பொட்டிலதான். கழுவித்தான் வெச்சேன்.”

“எத்தினி தபா கழுவினா இன்னா? உள்ளாற எறங்கிப் போயிருக்கும். கேக்கெல்லாம் புடிச்சிக்கினு கெடக்குது.”

சுப்ரமணி ஒன்றை எடுத்து மூக்கில் ஒட்டுகிற அளவுக்கு வைத்து இழுத்தான். வெனிலா. அந்தப் பாழாய்ப்போன வெனிலாதான். கண்ணகியும் இழுத்துவிட்டு, இவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு குறை என்பதுபோல் தங்கையைப் பார்த்தாள்.

அந்நேரம் பார்த்துப் பாதி பின்னிய சடையோடு சுடர்விழி ஓடி வந்தாள். பெட்டிக்குள் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

“அய்! சாக்லெட் வாசன சூப்பரா இருக்குப்பா!”

வினோதா வாயைத் திறந்தாள். சுப்ரமணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். குழந்தை மறுபடி சடை பின்ன ஓடினாள்.

 புள்ளைக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் தினமும் சட்டையில், சடையில், புத்தகப் பையில் எதைச் சுமந்துகொண்டு போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த நத்தாலி பொய் சொல்லவில்லை. இத்தனை நாள் மனசுக்குள் அவளைத் திட்டியதெல்லாம் அவன்மீதே திரும்பி விழுந்தது. தன் மூக்கின்மேல் அவனுக்கு வந்த அருவருப்பு, அந்தக் கூழின்மேல்கூட வரவில்லை.

வினோதாவைப் பப்ஸும் பிளம் கேக்கும் வாங்க அனுப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். திரும்பி வந்து மகளிடம், “பூனை வாய் வெச்சிடுச்சிம்மா. மூட மறந்துட்டேன்,” என்றான்.

சுடர்விழிக்கு உதடு துடித்தது. “பொட்டிய மூடக்கூடவா உனக்குத் தெரியாது? எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். ச்சீ, போப்பா!”

“தப்புதாம்மா,” என்றான்.

நாலு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். சுப்ரமணி வீட்டுக்குப் பின்னால் கடலோரக் கருங்கல்லில் உட்கார்ந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தான். நத்தாலி எங்கே உட்காரலாம் என்று தயங்கினாள். சுடர்விழி நகர்ந்து இடம் விட்டாள். அவள் உட்கார்ந்தாள். சுப்ரமணி அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் பெட்டியைச் சுற்றி நாலு பூனைகள் சேர்ந்துவிட்டன. ஜென்மத்தில் கேக்கைத் திரும்பிப் பார்க்காத பூனைகள். அவற்றுக்கு ஒவ்வொன்றாக உருவிப் போட்டான். கடைசியில் ஒன்றைத் தன் வாயில் போட்டுக் குமட்டக் குமட்ட மென்றான். இனிப்பு, வெனிலா, எண்ணெய்ப் பிசுக்கு. வேறொன்றும் தெரியவில்லை. கையை மோந்து பார்த்தான். சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தான். ஒன்றுமில்லை.