மீட்டரில் குறைந்த தூரம்

மாலையில் அவள் வேலை முடிந்து வந்து காரை வாசலில் நிறுத்தியதும், கணவன் கையில் துணியோடு வந்து நிற்பான். சாவியை வாங்கிக்கொண்டு முன்கண்ணாடியை வெளியிலும் உள்ளேயும் ஊதி ஊதித் துடைப்பான். நாள் முழுக்க மரச்சாமான் கடையில் நின்று கால் கடுத்துப்போனவன், ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் இதைச் செய்வான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உடன் வேலை பார்க்கும் பெண்களிடம் அவள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

"எங்க வீட்டுல கண்ணாடி துடைக்கச் சொன்னா, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு டிவி முன்னாடி உட்காருவாரு" என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள். அன்றைக்கு இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன மாதம் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. காருக்குப் பெரிய டயர்களாகப் பார்த்து மாட்டினான். "இப்பத்தான் வண்டிக்கு ஒரு கம்பீரம்" என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"அப்படியே அண்ணி ஏறுறதுக்கு ஒரு ஏணியும் வாங்கிடு அண்ணா" என்றாள், அவர்களோடு இருந்த நாத்தனார்.

சில நாளில் அவளுடைய போனுக்கு அபராதச் செய்தி வந்தது. அளவுக்கு மீறிய வேகமாம். முள் ஐம்பதைத் தாண்டவே இல்லை என்று அவள் அடித்துச் சொன்னாள். "காலை அழுத்திட்டுக் கனவு கண்டிருப்ப" என்றான் அவன். மனம் ஆறாமல், மறுநாள் மதிய இடைவேளையில் பக்கத்துத் தெரு டயர் கடைக்கு நடந்தே போய்க் கேட்டாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "மீட்டருக்குக் கண்ணா இருக்கு? சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னுதான் அதுக்குத் தெரியும். பெரிய டயர் ஒரு சுத்துலயே கூடுதலா ஓடிடும்மா. முள் ஐம்பதுல நிக்கும், நீங்க ஐம்பத்தஞ்சுல பறப்பீங்க. ஓடின தூரத்தையும் அது குறைச்சுத்தான் காட்டும்."

'உங்க கம்பீரத்துக்கு நான் தண்டம் அழணுமா?' என்று அவனை எப்படியெல்லாம் சீண்டலாம் என்று அன்று மாலை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அவன் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்தான். சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

"இப்பல்லாம் நீ வேலைக்குத்தான் போறியா?"

"இது என்ன கேள்வி?"

"போயிட்டு வந்தா இருபது கிலோமீட்டர் ஓடணும். கொஞ்ச நாளா பத்தொன்பதுகூட வரல. வண்டியை நடுவழியில போட்டுட்டு யார் வண்டியில ஏறிப் போற?"

நாத்தனாரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அண்ணா, நீ தினமும் அதையா பார்க்கிற?"

"சும்மா... ஒரு இதுக்குத்தான்."

"எப்பலேருந்து?" என்று அவள் கேட்டாள்.

"கார் வாங்கினதுலேருந்துதான். அதுக்கென்ன இப்ப?"

கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைக்க அவன் ஏன் எப்போதும் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தான் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. ஜன்னலில் நின்று கண் நிறைய அதைப் பார்த்தவள் அவள்தான். ஊரெல்லாம் சொல்லி வாயெல்லாம் பல்லாக நின்றவளும் அவள்தான்.

வரும் வழியில் சேர்த்துவைத்த சீண்டலில் ஒரு சொல்கூட நாக்கில் வரவில்லை. டயர் கடைக்காரர் சொன்னதை மட்டும், சோதனை முடிவைப் படிப்பதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். அவன் மேஜையில் விரலால் கணக்குப் போட்டான். முகம் மெல்லத் தெளிந்தது.

"அட, ஆமா! சரியா வருது!" உரக்கச் சிரித்தான். "நான் வேற என்னென்னமோ நினைச்சுத் தூக்கமே போச்சு. விடு. நாளைக்கே பழைய டயரை மாட்டிடறேன். அப்புறம் நமக்குள்ள சண்டையே வராது."

"அண்ணா, தயவுசெஞ்சு வாயை மூடு" என்றாள் நாத்தனார்.

மறுநாள் காலையில் அவள் கார் சாவியை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு பஸ்ஸில் போனாள். நெரிசலில் ஒற்றைக் காலில் நின்றாள். யாரோ காலை மிதித்தார்கள். வலித்தது. ஆனாலும் இறங்கிக் காரைத் தேடத் தோன்றவில்லை.

மாலையில் வீட்டை நோக்கி நடந்து வந்தபோது, கார் பழைய டயர்களோடு தணிந்து நின்றது. அவன் சொன்ன சொல் தவறவில்லை. துணியோடு நின்று, பளிச்சென்றிருந்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா? எல்லாம் சரி பண்ணிட்டேன் பார்" என்றான். பிறகு, குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு, "எந்த பஸ்ல வந்த? முன்னாடியே வந்திருக்கணுமே?"

அவள் கைப்பையைத் திறந்து பஸ் டிக்கெட்டை எடுத்தாள். காரின் வைப்பரைத் தூக்கி, அதன் அடியில் செருகினாள்.

"நாளைக்கும் இங்கேயே வச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

வாசற்கதவைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தாள். அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, டிக்கெட்டைத் தெருவிளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, நேரத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.